அந்த அறைக்கு வெள்ளையடித்தவள் நான்

அப்பு, படிக்கும் முன்னால் இந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார். வெளிர் மஞ்சளில் பச்சைக் கொடியும் சின்னச் சின்ன வெள்ளைப் பூவும் இருக்கும். பவுனு தன் கையால் உங்கள் அறைச் சுவரில் ஒட்டிய அதே காகிதம். மிச்சச் சுருளை அவள் கையோடு எடுத்துப் போய்விட்டாள் என்று நான் உன்னிடம் சொன்னேன். அவள் எடுத்துப் போகவில்லை. மூன்று மாதமாக அது நெல் குதிருக்குப் பின்னால் என்னிடம்தான் கிடக்கிறது. அதில் நாலு முழம் கிழித்து அதன் முதுகில் எழுதுகிறேன். ஸ்டோரில் ஏலக்காய் மூட்டைக்குச் சீட்டு எழுதிப் பழகிய கை, எழுத்து குண்டு குண்டாகத்தான் வரும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. பாதியில் கசக்கி எறிந்துவிடாதே.

இன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் ஊர் மந்தையில் நாலு பெரியவர்களை உட்காரவைத்துப் பேசப்போகிறார் உன் பெரியப்பா. பவுனையும் அவள் அப்பாவையும் மலையிலிருந்து வரச் சொல்லியாயிற்று. நீ ஒரு துரும்பைக் கிள்ளி அவள் அப்பா கையில் கொடுத்துவிட்டால் போதும், கட்டிய தாலி அன்றோடு தீர்ந்தது. பொட்டிபுரத்தில் வேறு பெண்ணும் பார்த்து வைத்திருக்கிறார். நீ தேவாரத்தில் அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாய் என்று உங்கப்பா வந்து சொன்னார். நீ தலையாட்டியது நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி. அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் திராணியில்லை. போன மாதம் நீ துணிமணி எடுக்க வந்தாயே, கருவாட்டுக் குழம்பு ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தேனே, அன்றைக்குத் தொண்டை வரை வந்தது. அப்போது பார்த்து நீ சொன்னாய், "யாரு என்ன சொன்னாலும் நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்ட ஆத்தா. அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு." அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வேன்? இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். போன வைகாசியில் நீ அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குப் பெரிய சம்மதம் ஒன்றும் இல்லை என்பது உனக்குத் தெரியும். பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர் மகள், குளிரில் வளர்ந்தவள், பேச்சில் பாதி மலையாளம். லோடு ஏற்றப் போன பிள்ளை பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று ஸ்டோரில் பொம்பளைகள் எல்லாம் என்னைக் கேலி பேசினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், உள்ளுக்குள் எரிந்தது. ஆனால் அவள் கெட்டிக்காரி. வந்த பத்தாம் நாளே என் அடுப்பு அவளுக்கு வசப்பட்டுவிட்டது. போடி வெயில்தான் வசப்படவில்லை. மத்தியானம் ஆனால் அந்த அறைக்குள் போய் வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "சாரமில்ல அத்தே" என்பாள். பரவாயில்லை என்பதற்கு அவள் பாஷை அது. எதற்கெடுத்தாலும் சாரமில்லைதானா என்று நான் அதையும் குத்திக் காட்டினேன்.

ஆடி மாதம் மலைக்குப் போய் வந்தபோது ஒரு தகரப் பெட்டியில் இந்தச் சுருள்களைக் கொண்டுவந்தாள். பங்களாவில் இருந்த வெள்ளைக்கார துரை சீமைக்குப் போனபோது பரணில் விட்டுப் போனவையாம். புதிதாக வாங்கியவர்கள் சுவரெல்லாம் வர்ணம் பூசிவிட்டதால் அவள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். சுவருக்குக் காகிதம் ஒட்டுவார்கள் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. சாமி படம் ஒட்டுவோம், காலண்டர் மாட்டுவோம். நாலு சுவருக்கும் சேலை கட்டினாற்போல் ஒட்டுவது யார் வழக்கம்? "படுத்துக் கண்ணு முழிச்சா எலையா தெரியும் அத்தே, மலையில இருக்குற மாதிரி இருக்கும்" என்றாள். நீயும் பக்கத்தில் நின்று பல்லை இளித்தாய். உங்கப்பா, "சின்னஞ்சிறுசுக, ஆசைப்பட்டத செய்யட்டும், உனக்கென்ன சோலி" என்று என்னை அடக்கிவிட்டார்.

அந்த நீலக் கல் சண்டை ஞாபகமிருக்கிறதா? நான் ஸ்டோரிலிருந்து வருகிறேன், அவள் அடுப்பில் மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள், அதில் மயில்துத்தத்தை, அந்த நீலக் கல்லைப் பொடித்துப் போடுகிறாள். நான் குதித்த குதியில் தெருவே கூடியது. "சோறாக்குற சட்டியில வெசத்தக் கலக்குறாளே, இவ என்ன குடும்பத்தக் கருவறுக்க வந்தவளா" என்று கேட்டேன். பசை வாசத்துக்குப் பூச்சியும் எலியும் வந்து காகிதத்தைத் தின்னாமல் இருக்கத்தான் அது, பங்களாவில் அப்படித்தான் செய்வார்கள் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். சட்டியும் என்னுடையது இல்லை, அவள் அதற்கென்றே வாங்கிவந்த புதுச் சட்டி. எனக்கு அது தெரிந்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பது எங்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது அப்பு. சுண்ணாம்பின் மேல் காகிதம் ஒட்டாது, பொருக்கோடு உரிந்து வந்துவிடும் என்று சொல்லி அவள் ஈரத்துணியால் சுவரை ஊறவைத்து, கொட்டாங்கச்சியால் பூப்போலச் சுரண்டினாள். வருஷா வருஷம் பொங்கலுக்குப் பூசிய வெள்ளை, ஏடு ஏடாகக் கழன்றது. கட்டில் பக்கத்துச் சுவரில் ஒரு நாள் அந்த லாரி வெளியே வந்தது. நீ எட்டு வயதில் அடுப்புக் கரியால் கிறுக்கிய லாரி. மூட்டை மேல் மூட்டை, உச்சி மூட்டையில் இரண்டு சடை போட்ட பிள்ளை. உன் தங்கச்சி மீனா. காய்ச்சலில் அந்தக் கட்டிலில் கிடந்தவளைச் சிரிக்கவைக்க நீ வரைந்தது. "நான் எங்கண்ணே?" என்று கேட்டாள், நீ மூட்டை மேல் ஏற்றி உட்காரவைத்தாய். அந்தக் கார்த்திகையில் அவள் போய்விட்டாள். அந்தப் பொங்கலுக்கு நம் வீட்டில் வெள்ளையடிக்கவில்லை, துக்க வீட்டில் அடிக்கக் கூடாது. ஒரு வருஷம் முழுக்க அந்த லாரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மறு பொங்கலுக்கு முதல் வேலையாகச் சுண்ணாம்புச் சட்டியோடு அந்தச் சுவருக்குத்தான் போனேன். நீ ஓடிவந்து வெள்ளையடிக்கிற மட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் அந்த மட்டையாலேயே உன்னை அடித்தேன். சுண்ணாம்பு தெறித்து உன் கண் இரண்டு நாள் சிவந்து கிடந்தது. அதற்கும் இதுவரை உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பவுனு அதைக் கண்டுபிடித்தபோது நீ அவளிடம் மீனாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். என்னிடம் நீ பேசாத பேச்சு அது. நம் வீட்டில் அந்தப் பெயரையே யாரும் எடுப்பதில்லை, நான் எடுக்கவிட்டதில்லை. அவள் என்ன செய்தாள், லாரியின் மேல் ஒட்டாமல் காகிதத்தை அதன் ஓரமாகக் கத்தரித்து, சுற்றிலும் கொடியும் பூவுமாக ஒட்டி, நடுவில் அதை மட்டும் விட்டுவைத்தாள். அன்று சாயங்காலம், "அத்தே, வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பார்த்தேன். தண்ணீர் எடுக்க வேண்டும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். குழாயடியில் நின்று அழுதேன். பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி பூவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை அன்பாகச் செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அந்த அறைக்குள் நான் போகவில்லை. நீங்கள் இருவரும் உள்ளே சிரித்துப் பேசினால், என் மகள் உங்களோடு இருக்கிறாள், நான் மட்டும் வெளியே இருக்கிறேன் என்று தோன்றும். புத்தி கெட்ட பொறாமைதான். வேறென்ன பெயர் சொல்ல?

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது நீ கொச்சிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனாய். உங்கப்பா அறுப்புக் களத்திலேயே காவல் கிடந்தார், பொங்கலன்றைக்கு வந்தும் திண்ணையோடு திரும்பிவிட்டார், உங்கள் அறையை எட்டிப் பார்க்கவில்லை. பவுனு, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்ல, ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஜீப்பில் மலைக்குப் போனாள். நான் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மதினி எட்டிப் பார்த்து, "அந்த ரூம்புக்கு மட்டும் அடிக்கலையா? எழவு விழுந்த வீட்டுலதான மதினி பொங்கலுக்கு வெள்ள அடிக்காம விடுவாக" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளோ வினையாகச் சொன்னாளோ, எனக்கு அது போதுமானதாக இருந்தது. காத்துக்கொண்டிருந்த கைக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. வெந்நீர் காயவைத்து, துணியை நனைத்துச் சுவரெல்லாம் ஒற்றினேன். அவள் ஒரு மாதம் ஒட்டியதைத் தோசைக் கரண்டியை வைத்து ஒரு பகலில் உரித்துப் போட்டேன். பசையில் கலந்த துத்தம் அங்கங்கே நீலமாகத் தெரிந்தது. மூன்று பூச்சுப் பூசினேன். லாரியின் மேலும் பூசினேன். கண்ணை மூடிக்கொண்டு பூசினேன் அப்பு.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்தாள். கையில் எனக்கென்று ஒரு புட்டி மலைத்தேன் கொண்டுவந்திருந்தாள். அறை வாசலில் நின்று பார்த்தாள். கத்துவாள், அழுவாள், நாமும் பதிலுக்கு இரண்டு பேசலாம் என்று நான் தயாராக நின்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "லாரியும் போயிருச்சா அத்தே?" நான், "பொங்கலுக்கு வெள்ளையில்லாம கெடக்க இது என்ன எழவு வீடா?" என்றேன். கொஞ்ச நேரம் சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "சாரமில்ல அத்தே" என்று சொல்லிவிட்டுப் போய் விளக்கு ஏற்றினாள். பொங்கலன்றைக்கு என்னோடு நின்று பானை இறக்கினாள். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் துணியை எடுத்துவைத்தாள். போகும்போது அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், கவனமாகப் படி. "அப்பாவுக்கு இன்னும் காய்ச்சல் விடல அத்தே. நான் போயி இருக்கேன். அவரு வந்ததும் வெரசா வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. லாரிய நெனச்சுத்தான் அவரு சங்கடப்படுவாரு, நான் வந்து பாத்துக்கிறேன்னு சொல்லுங்க."

அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. நாலாம் நாள் நீ வந்தாய், வண்டி வழியில் நின்றுபோய்த் தாமதமான களைப்பு, குளிக்கக்கூட இல்லை, நேரே அறைக்குப் போனாய். வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். "என்னாத்தா இது?" என்றாய். அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சின்ன வயதில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே முகம் உனக்கு. பயந்துவிட்டேன். மகன் என்னை வெறுத்துவிடுவான் என்ற பயம். வாயில் வந்ததைச் சொன்னேன். "அவளே கிழிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாப்பா. தன் கையால ஒட்டுனது இந்த வீட்ல இருக்கக் கூடாதுன்னு, லாரியையும் கத்தியால சொரண்டிட்டா. பாக்க சகிக்காம நான்தான் மேல வெள்ளையடிச்சேன்." ஒரு பொய்யை மறைக்க இன்னொன்றை நான் தேட வேண்டியிருக்கவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக அதுவே வந்தது. லாரி என்ற சொல்லைக் கேட்டதும் உன் முகம் செத்துப்போயிற்று. ஒட்டிய காகிதத்தைக் கிழித்திருந்தால் நீ அவளை மன்னித்திருப்பாய். மீனாவைச் சுரண்டினாள் என்றால் எப்படி மன்னிப்பாய்? அது தெரிந்துதான் என் வாய் அதைச் சொல்லியிருக்கிறது.

அவள் அங்கே புருஷன் வருவான் என்று காத்திருக்கிறாள். புருஷன் வந்து அழைக்காமல் பெண் தானாக வந்து நிற்கிற வழக்கம் நமக்கு இல்லை. நீ இங்கே, போனவள் ஒரு சொல்கூட அனுப்பவில்லையே என்று புழுங்கினாய். மலைப்பக்கம் வண்டியே ஓட்ட மாட்டேன் என்று தேவாரத்துக்குப் போனாய். பெரியப்பா ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "மாப்பிள்ளை வந்து கூப்பிடட்டும்" என்று அவள் அப்பா சொன்னாராம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார் பெரியப்பா. பாஷைவாரியாக ராஜ்யம் பிரிக்கிறார்களாம், மலை நாளைக்கு யார் பக்கமோ, அங்கே நமக்கென்ன சம்பந்தம் என்று அதற்கும் ஒரு ஞாயம் பேசுகிறார். எல்லோரும் அவரவர் ஞாயத்தைப் பேசிக்கொண்டிருக்க, நடுவில் நான் ஒருத்திதான் நடந்தது தெரிந்தவள். மூன்று மாதம் ஸ்டோரில் உட்கார்ந்து பச்சைக் காயும் வெளுத்த காயுமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி வெள்ளிக்கிழமை வந்து கழுத்தில் நிற்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கெட்டவள் சொன்னது என்றே வைத்துக்கொள். உன் பெண்டாட்டியைப் பற்றி யார் எது சொன்னாலும், பெற்றவளே சொன்னாலும், அவள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை கேட்டுவிட்டு நம்பு. நீ அன்றைக்கே ஜீப்பைப் பிடித்து மலைக்குப் போய் ஏன் செய்தாய் என்று கேட்டிருந்தால் என் பொய் ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது. நீ போகவில்லை. கோபத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு திண்டாடுகிற குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. மீனா பெயரைச் சொல்லாதே என்று நான்தானே உன்னைப் பழக்கினேன். இனிமேல் சொல். அவளிடம் சொல்லி அழுதாயே, அது போல இன்னும் நிறையச் சொல். எங்களோடு இருக்கப் பிடிக்காவிட்டால் மலையிலேயே ஒரு வீடு பார்த்துக்கொள், குளிருக்குக் கம்பளி மட்டும் வாங்கிக்கொள். நான் வந்து எட்டிப் பார்க்கக்கூட மாட்டேன். துரும்பை மட்டும் கிள்ளாதே ராசா.

இதை நாளைக்கு எதிர்வீட்டு மதினி கையில் கொடுத்துவிடுகிறேன். தேவாரத்துக்கு முதல் பஸ்சில் போகிறாள், அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவள் பஸ் ஏறியதும் உங்கப்பாவிடம் எல்லாம் சொல்வேன். அவர் என்ன செய்தாலும் பட்டுக்கொள்கிறேன். கடிதம் உன் கைக்கு வராமல் போனாலும், வந்தும் நீ நம்பாமல் போனாலும், வெள்ளிக்கிழமை நான் மந்தைக்கு வருவேன். இதே காகிதத்தில் இன்னும் நாலு முழத்தில் இதையே எழுதி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். ஆம்பிளைகள் கூடுகிற இடத்தில் நான் இதுவரை வாய் திறந்ததில்லை. நீ துரும்பைக் கையில் எடுத்தால் எழுந்து நின்று வாசிப்பேன். ஊர் காறித் துப்பட்டும். ஆனால் அந்த அளவுக்கு விட்டுவிடாதே. வியாழக்கிழமையே மலைக்குப் போ. பூப்பாறையில் இறங்கி நேரே போய் அவள் முன்னால் நில். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இந்தக் காகிதத்தைக் கொடு, அவளுக்கும் எழுத்து வாசிக்கத் தெரியும்.

இன்னொன்று அப்பு. அந்த லாரியை யாரும் கத்தியால் சுரண்டவில்லை. அது சுவரிலேயே இருக்கிறது, நான் மேலே சுண்ணாம்பு பூசியதோடு சரி. இன்று காலையில் உங்கப்பா வயலுக்குப் போன பிறகு மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் போனேன். அவள் செய்ததுபோலவே துணியை நனைத்து ஊறவைத்து, கொட்டாங்கச்சியால் சுரண்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் பின்சக்கரம் வந்தது, அதற்கு மேலே ஒரு மூட்டை வந்தது. இன்னும் கொஞ்சம் மேலே போனால் பிள்ளையின் கால் வரும், அழுத்திச் சுரண்டி அழித்துவிடுவேனோ என்று கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பவுனுக்குத்தான் தெரியும். அவளைக் கூட்டிக்கொண்டு வா. பிள்ளை இன்னும் உள்ளே இருக்கிறாள்.

உன் ஆத்தா